மெய்க்காவல்

டாக்டர் ஃபர்ஹானா போனில் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"உங்க மெய்க்காவலை உடனே நிறுத்தணும். என்ன வழி?"

ஜோஸ்பினுக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. எலும்பு டாக்டர்கள், பல் டாக்டர்கள், அறுவை சிகிச்சைக்கு மயக்க ஊசி போடுகிறவர்கள் என்று மாதம் இரண்டு பேராவது மெய்க்காவலின் கோயம்புத்தூர் அலுவலகத்துக்கு போன் போட்டு இதையே கேட்பார்கள். அவளும் பழகிப்போன பதிலைச் சொன்னாள். உடனே நிறுத்த முடியாது. விடுவிப்பு ஊசி போட்டால் மூன்று வாரத்தில் அடங்கும்.

"மூணு வாரமா? எனக்கு ரெண்டு நாள் கிடைச்சாலே பெரிசு. உங்க தன்ஷிகா இங்க அட்மிட் ஆகியிருக்காங்க. இருபத்தெட்டு வாரம்தான் ஆகுது. வலி வந்துருச்சு."

ஜோஸ்பின் கைப்பையைக்கூட எடுக்காமல் கிளம்பினாள்.

தன்ஷிகா மும்முறை தாண்டுதலில் ஆசியாவின் இரண்டாவது இடத்தில் இருந்தவள். குழந்தை பெற்றுக்கொண்டு அடுத்த வருஷமே களத்துக்குத் திரும்புவேன் என்று பேட்டியெல்லாம் கொடுத்திருந்தாள். அதனால்தான் அவள் ஓய்வுக்கு எழுதிக் கொடுக்கவில்லை. அதனால்தான் மெய்க்காவல் இன்னும் அவள் ரத்தத்தில் இருந்தது.

அந்தப் பெயரைத் தமிழில் வைத்ததே ஜோஸ்பின்தான். ஒரே ஒரு ஊசி. அது எலும்பு மஜ்ஜைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். தடை செய்யப்பட்ட எந்த மருந்து ரத்தத்தில் கலந்தாலும், அது வேலை செய்வதற்குள் துண்டு துண்டாக வெட்டிப் போட்டுவிடும். வருஷா வருஷம் ஜனவரியில் ஒரு சொட்டு மருந்து கொடுப்பார்கள். அந்த வருஷத்தின் புதிய தடைப் பட்டியலைக் காவலுக்குச் சொல்லிக் கொடுப்பது அது. உலகப் போட்டிகளில் ஆடுகிற நாற்பதாயிரம் பேருக்கும் இது கட்டாயம்.

ஜோஸ்பின் எண்ணூறு மீட்டர் ஓடிய காலத்தில் இது இல்லை. விடிவதற்கு முன் கதவைத் தட்டுவார்கள். முன்பின் தெரியாத ஒரு பெண் கண்ணெதிரே நின்று பார்த்துக்கொண்டிருக்க, கதவைத் திறந்து வைத்துச் சிறுநீர் கழித்துக் கொடுக்க வேண்டும். அத்தனையும் செய்துவிட்டுப் பந்தயத்தில் ஓடினால், பக்கத்துத் தடத்தில் ஓடுகிறவள் என்ன போட்டுக்கொண்டு வந்திருக்கிறாளோ என்ற நினைப்பு கடைசி வளைவு வரை கூடவே ஓடிவரும். மெய்க்காவல் வந்தபோது அதற்காக ஊர் ஊராகப் போய்ப் பேசியவள் அவள். உலகக் குழுவில் விளையாட்டு வீரர்களின் பிரதிநிதியாகவும் உட்கார்ந்தாள். தன்ஷிகாவுக்குப் பதினேழு வயதில் முதல் ஊசி போட்டபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்ததும் ஜோஸ்பின்தான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஃபர்ஹானா நின்றபடியே விளக்கினார்.

"குறைமாசக் குழந்தைக்கு நுரையீரல் விரியாது. ஒட்டிக்கிட்டே இருக்கும். அதனால வலி வந்ததுமே அம்மாவுக்கு ஸ்டீராய்டு ஊசி போடுவோம். அது குழந்தைக்குப் போய் நுரையீரலைத் தயார் பண்ணும். பழைய வைத்தியம். சின்ன ஊர் ஆஸ்பத்திரியிலகூடப் பண்றது. காலையில நானும் போட்டேன். ரத்தம் எடுத்துப் பார்த்தா மருந்தையே காணோம். இன்னொரு தடவை போட்டேன். அதுவும் காணோம்."

"வெட்டிப் போட்டிருக்கும்."

"அம்மாவுக்கு ஒண்ணும் இல்ல. குழந்தைக்குத்தான் ஒரு துளியும் போய்ச் சேரல."

"பிறந்தப்புறம் ஏதும் பண்ண முடியாதா?"

"பண்ணுவோம். மெஷின் வைப்போம், நுரையீரலுக்குள்ள மருந்து விடுவோம். ஆனா இந்த ஊசி இல்லாமப் பிறந்த குழந்தைங்க என் கையிலயே போயிருக்கு மேடம். உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது?"

உள்ளே தன்ஷிகா ஒருக்களித்துப் படுத்திருந்தாள். அவள் கணவன் கவின் பக்கத்தில் நின்றுகொண்டு இடுப்பை நீவிக்கொண்டிருந்தான். அவன்தான் அவளுடைய பயிற்சியாளரும். அவனிடம் இன்னும் ஏழு பேர் பயிற்சி எடுத்தார்கள்.

"அக்கா," என்றாள் தன்ஷிகா. "நான் இப்பவே ரிட்டையர்டுன்னு எழுதிக் குடுத்தறேன். எடுத்துருவாங்களா?"

"எடுக்கறதுக்கு மூணு வாரம் ஆகும்டா."

"இதப் போடறப்ப, உடம்புக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னீங்களேங்க்கா," என்றான் கவின். கோபமாகக் கேட்கவில்லை. அதைத்தான் ஜோஸ்பினால் தாங்க முடியவில்லை.

அவள் வராந்தாவுக்கு வந்து ஜூரிச்சில் இருந்த குகதாசனை அழைத்தாள். மெய்க்காவலை வடிவமைத்த நான்கு விஞ்ஞானிகளில் அவர் ஒருவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம். குழுக் கூட்டங்கள் முடிந்ததும் இருவரும் தனியாகப் போய்க் காபி குடித்துத் தமிழில் பேசிக்கொள்வார்கள்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"அட்ரினலின் மாதிரி அவசர மருந்துகளுக்கு நாங்கள் வழி விட்டனாங்கள். ஸ்டீராய்டுக்கு விடேல்லை. அதைத்தானே எல்லாரும் களவாப் போட்டவை."

"கர்ப்பிணியைப் பத்தி ஒருத்தருமே யோசிக்கலையா டாக்டர்?"

"அந்த மேசையில இருந்த பதினொரு பேரில பிள்ளை பெத்தவை ஒருத்தரும் இல்லை ஜோஸ்பின்."

"நானும் இருந்தேன் அந்த மேசையில."

"ஓம். இருந்தனீங்கள்."

"வேற வழியே இல்லையா?"

"இருக்கெண்டு சொல்ல எனக்கு அனுமதி இல்லை. தலைவரிட்டக் கேளுங்கோ."

அந்தப் பதிலிலேயே ஏதோ ஒரு வழி இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு மணி நேரத்தில் உலகக் குழுவின் தலைவரையும் இன்னும் மூன்று உறுப்பினர்களையும் திரையில் பிடித்துவிட்டாள். தலைவர் நல்ல மனிதர். முன்னாள் படகு வீரர். காவலில் ஓர் இடைவெளி உண்டு என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் அதன் பெயரை ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தால், அதே வாரத்தில் உலகம் முழுக்கப் போய்விடும் என்றார். நாற்பதாயிரம் பேர் இந்தக் காவலை நம்பித் தங்கள் உடம்பைக் கொடுத்திருக்கிறார்கள். நிபுணர் குழு ஒன்று அமைத்துப் பத்து நாளில் முடிவு சொல்கிறோம் என்றார்.

"பத்து நாள்ல குழந்தை பிறந்து, ஒருவேளை அடக்கமும் ஆகியிருக்கும்," என்றாள் ஜோஸ்பின்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் சொன்னது தவறு என்று அவளால் சொல்ல முடியவில்லை. அந்த நாற்பதாயிரம் பேரிடமும் கையெழுத்து வாங்கியவர்களில் அவளும் ஒருத்தி.

திரை அணைந்து பத்து நிமிடம் இருக்கும். குகதாசன் தன் சொந்த எண்ணிலிருந்து அழைத்தார். பின்னால் டிராம் வண்டியின் மணி கேட்டது.

"காவல் ஒழுங்கா வேலை செய்யுதோ எண்டு சோதிக்க, அதின்ர கண்ணுக்குத் தெரியாத ஒரு மருந்து எங்களுக்குத் தேவைப்பட்டது. ஒரு பழைய மாட்டு மருந்தை விட்டு வச்சனாங்கள்."

"மாட்டு மருந்தா?"

"பசு கண்டு போடுறதுக்கு ஊசியாப் போடுறது. அதுவும் ஸ்டீராய்டுதான். அங்க உங்கட ஊரில கட்டாயம் இருக்கும். ஒருக்காத்தான் சொல்லுவன். எழுதாதேங்கோ."

ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். அவள் மனத்துக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள்.

"இது வெளியில போனா என்ன ஆகும் டாக்டர்?"

"ஓட்டக்காரருக்கும் தாண்டுறவைக்கும் வலி தெரியாது. களைப்புத் தெரியாது. ஊசிகூட வேண்டாம், சாப்பாட்டில கலந்து குடுத்தாலே போதும். மற்றவை ஒரு நேரம் பயிற்சி செய்தா இவை மூண்டு நேரம் செய்வினம். திரும்ப நாங்கள் தொடங்கின இடத்துக்கே போவம்." பிறகு, "பிள்ளை தப்பினா எனக்கு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ," என்று வைத்துவிட்டார்.

கால்நடை ஆஸ்பத்திரியில் அந்த நேரத்துக்குக் கூட்டமில்லை. நாய்க்குத் தையல் போட்டு முடித்துக் கையைக் கழுவிக்கொண்டிருந்த டாக்டரிடம் அவள் மருந்தின் பெயரைச் சொன்னாள்.

"எத்தனாவது ஈத்துங்க?"

"முதல் கன்னுங்க."

"நாட்டு மாடுங்களா, சிந்துங்களா?"

தூத்துக்குடியில் கடலோரத்தில் வளர்ந்தவள் ஜோஸ்பின். மாட்டுக்குப் பக்கத்தில்கூடப் போனதில்லை. "சிந்து," என்றாள்.

"மாசம் பத்தலீங்களா?"

"ஆமாங்க. முன்னாடியே வந்துருச்சு."

"கண்ணு பொழைக்கறது கஷ்டம்ங்க. மாட்டையாச்சும் பத்திரமாப் பாத்துக்கங்க," என்று பரிவோடு சொல்லி மருந்துக் குப்பியை எடுத்துக் கொடுத்தார். அவள் வெளியே வந்து ஆட்டோவில் ஏறி ஆஸ்பத்திரிக்குத் திரும்பினாள்.

ஃபர்ஹானா குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதை மனுஷங்களுக்குப் போட்டு நான் கேள்விப்பட்டதே இல்லை. என்ன ஆகும்னு உறுதியாச் சொல்ல முடியாது."

"போடுங்க டாக்டர்," என்றாள் தன்ஷிகா படுக்கையிலிருந்து.

"இது மட்டும் எப்படீங்க்கா உள்ள போகும்?" என்று கவின் கேட்டான்.

ஜோஸ்பின் சொன்னாள். இடைவெளி எதற்காக விடப்பட்டது, இந்த மருந்து என்ன செய்யும், குகதாசன் என்ன சொன்னார், எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர்களுடைய குழந்தை. கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு என்று அப்போது அவளுக்குத் தோன்றியது. சொல்லி முடித்ததும், "இது இந்த ரூமைத் தாண்டக் கூடாது," என்றாள். எல்லோரும் தலையாட்டினார்கள்.

ஊசி போட்டார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மருந்து இருந்தது. அரை நாள் கழித்தும் இருந்தது. வலியை இரண்டு நாள் தள்ளிப்போட முடிந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் பெண் குழந்தை பிறந்தது. ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூட. கதவுக் கீல் முனகுவதுபோல மெல்லியதாக, ஆனால் தானாகவே அழுதது. ஃபர்ஹானா முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

குழந்தைக்கு இதழி என்று பெயர் வைத்தார்கள். ஏழு வாரம் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து வீட்டுக்குப் போனாள்.

அதற்கப்புறம்தான் ஜோஸ்பினுக்குப் பயம் தொடங்கியது. உலகத்தின் எந்த மூலையில் யார் பழைய சாதனையை முறியடித்தாலும் உடனே செய்தியைத் திறப்பாள். யார் அவர், எந்த ஊர், கோயம்புத்தூரோடு ஏதாவது தொடர்பு உண்டா என்று தேடுவாள். ஒன்றும் இருக்காது. மாதங்கள் போகப் போக, அந்தப் பெயர் அந்த அறையோடு நின்றுவிட்டது என்று நம்பத் தொடங்கினாள்.

குழந்தைக்கு ஒரு வயது தாண்டியபின் தன்ஷிகா ஆசியப் போட்டிக்குத் திரும்பினாள். அவளுடைய பழைய சாதனை பதினான்கு மீட்டர் நாற்பத்தொன்று. அன்றைக்கு அவள் தாண்டியது பதினான்கு அறுபத்து மூன்று. பத்திரிகைகள் தாய்மையைப் புகழ்ந்து தள்ளின. குழந்தையோடு அவள் நிற்கும் படம் எல்லா இடத்திலும் வந்தது.

மறுநாள் குகதாசன் அழைத்தார். "பாத்தனீங்களோ?"

"பார்த்தேன்."

"பிள்ளைப்பேறு முடிஞ்சு ஒரு வருசத்தில இருபத்திரண்டு சென்டிமீட்டர் கூட. நடக்காதெண்டு நான் சொல்லேல்லை."

"அவ அப்படிப் பண்ற பொண்ணு இல்ல டாக்டர்."

"நானும் அப்பிடித்தான் நினைக்கிறன். ஆனா நீங்களும் நானும் நேற்றிரவு நித்திரை கொள்ளேல்லைத்தானே?"

சோதித்துப் பார்க்கவும் வழியில்லை. எதைத் தேட வேண்டும் என்று ஆய்வகத்துக்குச் சொன்னால் பெயர் வெளியே போய்விடும். மெய்க்காவல் வந்ததும் பாதி ஆய்வகங்களை மூடியும் விட்டார்கள். ஜோஸ்பின் ஒரு வாரம் யோசித்தாள். பிறகு, குழந்தைக்கு ஒரு கவுன் வாங்கிக்கொண்டு வடவள்ளியில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் போனாள்.

கவின் சமையலறையில் ராகிக் கூழ் காய்ச்சிக்கொண்டிருந்தான். தன்ஷிகாவின் சாப்பாடு முழுக்க அவன் பொறுப்பு. இதழி நாற்காலிக் காலைப் பிடித்து நின்று ஜோஸ்பினை முறைத்துப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பேச்சு எங்கெங்கோ போனது.

"தன்ஷி," என்றாள் ஜோஸ்பின், குரலைத் தாழ்த்தி. "அந்த மருந்து. அதுக்கப்புறம் எப்பவாவது..."

தன்ஷிகாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தாள்.

"என்னங்க்கா நீங்க!" சிரிப்பு நின்றது. "நெசமாவே கேக்கறீங்களா?"

"கேக்க வேண்டிய இடத்துல இருக்கேன்டா."

"நான் எடுக்கலீங்க்கா. இவ தல மேல சத்தியமா எடுக்கல."

"சரி. நம்பறேன்."

"நம்பறீங்க. ஆனா சும்மா வந்து கேக்கற ஆளில்லையே நீங்க." தன்ஷிகா தன் இடது முழங்காலைத் தடவினாள். "முன்னெல்லாம் மூணாவது தாண்டல் முடிஞ்சு எறங்கினா உசுரு போகும். இந்த ஒரு வருசமா வலியே இல்லீங்க்கா. ரெஸ்ட்டுல இருந்ததால சரியாப் போச்சுன்னு நெனச்சேன். அவரும் அப்படித்தான் சொன்னாரு..."

பேச்சு பாதியில் நின்றது. அவள் பார்வை சமையலறைப் பக்கம் போனது. அன்று ஆஸ்பத்திரி அறையில் மருந்தின் பெயரைக் கேட்டவர்கள் யார் யார் என்று அவள் எண்ணிப் பார்ப்பது ஜோஸ்பினுக்குத் தெரிந்தது. ஐயோ, இதைக் கேட்டிருக்கவே கூடாது என்று அந்தக் கணத்தில் தோன்றியது. ஆனால் கேட்டாகிவிட்டது.

கவின் டம்ளரோடு வந்தான். "ஆறிடுச்சு, குடி."

தன்ஷிகா வாங்கினாள். கையிலேயே வைத்திருந்தாள். பிறகு மேசை மேல் வைத்துவிட்டு, "அப்பறம் குடிக்கறேன்," என்றாள்.

ஒன்றரை மாதம் கழித்து அவள் தனியாக ஜோஸ்பினின் அலுவலகத்துக்கு வந்தாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

"அக்கா, அந்த ஓட்டையை அடைச்சிருங்க."

"என்னடா சொல்ற? அது இல்லாம இருந்திருந்தா இதழி..."

"தெரியும்ங்க்கா. எனக்குத் தெரியாதா? ஆனா அது தொறந்து கெடக்கற வரைக்கும் என்னால அவர் கையால ஒரு வாய் சாப்பிட முடியல. அவரு போனதும் கூழை ஊத்திட்டு, வெளிய போயி எதையாச்சும் வாங்கித் திங்கறேன். அடைச்சிட்டீங்கன்னா, எது குடுத்தாலும் ரத்தம் வெட்டிப் போட்டுரும். அப்ப நான் தாண்டற தூரம் கொறஞ்சா தெரிஞ்சு போயிரும்."

"அவன்கிட்டயே கேட்டுடலாமே?"

"கேட்டா இல்லைம்பாரு. அப்பறம் நான் நம்போணும்." தன்ஷிகா மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "பதினேழு வயசுலிருந்து யாரையும் நம்ப வேண்டிய அவசியமே வரலீங்க்கா. எல்லாத்தையும் ரத்தம் பாத்துக்கும்னு இருந்துட்டேன். இப்பத் திடீர்னு நம்புன்னா எப்படி நம்பறதுன்னே தெரியல."

ஜோஸ்பின் குழுவின் அடுத்த கூட்டம் என்றைக்கு என்று பார்த்தாள்.

இடைவெளியை அடைக்கச் சொல்ல வேண்டுமானால், அதைப் பயன்படுத்தியதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். குகதாசனிடம் அனுமதி கேட்டாள். "சொல்லுங்கோ. நான்தான் பேரைச் சொல்லித் தந்ததெண்டே சொல்லுங்கோ," என்றார். அடுத்த கூட்டத்தில் அவள் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னாள்; இடைவெளியை அடைக்கவும், கர்ப்பிணிகளுக்கு வேறு வழி செய்யவும் கேட்டாள். குழு இரண்டு நாள் விவாதித்தது. ஜனவரிச் சொட்டு மருந்தில் அந்த மாட்டு மருந்தின் பெயரையும் சேர்த்தார்கள். இனிமேல் கருவுற்ற வீராங்கனைக்கு முதல் மாதத்திலேயே விடுவிப்பு ஊசி போட வேண்டும் என்று விதியும் எழுதினார்கள். அவள் கேட்ட இரண்டும் கிடைத்தன. கூடவே அவளுடைய பதவி போனது. குகதாசனுக்கும் வேலை போனது. தலைவர் தனியாக அழைத்து வருத்தம் தெரிவித்தார். உண்மையாகவே வருந்தினார்.

"வேலை போனா என்ன," என்றார் குகதாசன் போனில். "பிள்ளை நடக்குதோ?"

"ஓடுறா டாக்டர்."

ஜனவரியில் தன்ஷிகா புதிய சொட்டு மருந்தை எடுத்துக்கொண்டாள். முதல் பெரிய போட்டி மே மாதம் தோஹாவில். ஜோஸ்பின் அதற்கு ஒரு சாதாரணப் பார்வையாளராகப் போனாள். பயிற்சியாளர்கள் உட்காரும் வரிசைக்கு நேர் பின்னால் இடம் கிடைத்தது. கவின் மடியில் இதழியை வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அவன் மெலிந்திருந்தான்.

முதல் தாண்டலில் தன்ஷிகா கோட்டை மிதித்துவிட்டாள். இரண்டாவது, பதினான்கு பதினெட்டு. பழைய நாற்பத்தொன்றுக்கும் கீழே. கவின் கையைத் தட்டி ஏதோ சைகை செய்தான். இரண்டடி பின்னால் போய் ஓடத் தொடங்கு என்று சொல்கிறான் என்று அவள் புரிந்துகொண்டாள். மூன்றாவதிலும் பதினான்கு இருபதைத் தாண்டவில்லை. நான்காவதற்குத் தன்ஷிகா ஓடுபாதையின் முனையில் வெகுநேரம் நின்றாள். கொடுத்த நேரம் முடிந்து கொடி இறங்கப் போகிற கடைசி நொடியில்தான் ஓடத் தொடங்கினாள்.

மணலிலிருந்து எழுந்தபோதே அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பலகையைப் பார்க்காமல் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். பலகையில் பதினான்கு எழுபத்தொன்று என்று வந்தது.

அரங்கம் எழுந்து கத்தியது. கவின் எழவில்லை. நீளமாக ஒரு மூச்சு விட்டான். பிறகு திரும்பாமலே கேட்டான்.

"இப்ப நம்புவாளாங்க்கா?"

ஜோஸ்பின் முன்னால் சாய்ந்தாள். "உனக்குத் தெரியுமா?"

"தெனமும் கூழை வாஷ்பேசின்ல ஊத்தினா அடைச்சுக்குமில்லீங்க. நான்தானே குத்தி விடறேன்." குழந்தையின் தலையைத் தடவினான். "நீங்க வந்துட்டுப் போன அன்னைக்கே தெரியும்ங்க்கா."

"ஏன்ப்பா கேக்கல அவகிட்ட?"

"கேட்டா நான் இல்லைன்னு சொல்லோணும். சொன்னா அவ நம்பற மாதிரி நடிக்கோணும். ரெண்டு பேருக்கும் கஷ்டம்ங்க. நான் பாட்டுக்குக் காச்சிக் குடுத்தேன். அவ பாட்டுக்கு ஊத்தினா. எப்படியும் ஒரு நாள் தாண்டுவான்னு மட்டும் தெரியும்ங்க்கா. முட்டி நல்லாயிருச்சு. ஓடறதுல வேகம் கூடியிருக்கு. கோச்சுக்கு அது தெரியாதா?"

"என் மேலதான் தப்பு கவின். நான்தான் போய்க் கேட்டேன்."

"நீங்க இல்லீன்னா இவ இல்லீங்க்கா," என்றான் இதழியைக் காட்டி. அதற்கு மேல் அதைப் பற்றி அவன் பேசவில்லை. மன்னித்துவிட்டானா என்பது அவளுக்குத் தெரியவில்லை.

தன்ஷிகா தடுப்புக் கம்பியை நோக்கி ஓடி வந்தாள். கவின் குழந்தையோடு இறங்கிப் போனான். ஜோஸ்பினும் பின்னால் போனாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே தன்ஷிகா அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். "மன்னிச்சிருங்க, மன்னிச்சிருங்க," என்று அவன் தோளிலேயே சொல்லிக்கொண்டிருந்தாள். சுற்றி இருந்தவர்கள் அது வெற்றியின் அழுகை என்று நினைத்துப் படம் எடுத்தார்கள். அவன் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தான்.

"இன்னும் ரெண்டு தாண்டல் இருக்கு. அழுது மூச்சைத் தீத்துராத. இந்தா, தண்ணி குடி."

தோள்பையிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டினான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே வாங்கினாள். அவள் கட்டைவிரல் மூடியின் அடியில் இருந்த பிளாஸ்டிக் வளையத்தைச் சுற்றி மெதுவாக நகர்ந்தது. வளையம் அறுபடாமல் இருக்கிறதா என்று பார்த்தது. வேண்டுமென்று செய்யவில்லை. இத்தனை மாதமாக ஒவ்வொரு பாட்டிலுக்கும் செய்து பழகிய விரல் அது.

விரல் பாதி வழியில் நின்றது. அவள் அப்போதுதான் அதைக் கவனித்தாள். கவின் பார்த்துவிட்டான்.

அவன் இதழியைத் தோளுக்கு ஏற்றி, அரங்கத்தின் மறுகோடியை நோக்கித் திருப்பினான். "அங்க பாரு சாமி, அம்மா பேரு எவ்வளவு பெருசா எழுதியிருக்காங்க பாரு."

தன்ஷிகா மூடியைத் திருகித் திறந்தாள். அவனையே பார்த்துக்கொண்டு, பாட்டிலைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.